நடக்கறதுக்கு எதுக்குய்யா சங்கம்?

இங்கிலாந்துல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கற நம்ம பசங்க கிட்ட "ராம்ப்ளர்ஸ்"னு பேரைச் சொல்லிப் பாருங்க. உடனே ஆரம்பிச்சுடுவாங்க. "ரெண்டு காலு, ஒரு ஷூ, போன்ல மேப். இதுக்குப் போய் தலைவர், செயலாளர், பொருளாளர், வருடாந்திரப் பொதுக்கூட்டம்... என்னய்யா இது, கூட்டுறவு சங்கத் தேர்தலா? ஒரு வாட்ஸப் குரூப் போதாது?"

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படிச் சொல்ற ஆளு சனிக்கிழமை காலைல ஏறிக் குதிச்சுப் போற வயக்காட்டுப் பாதை, பூட்டின கேட் இல்லாம, தலை உயர முள்ளுப்புதர் இல்லாம இருக்குன்னா, அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் யாரோ ஒரு தன்னார்வலர் இருக்காரு. அது தெரியாம சிரிக்கறாரு பாருங்க, அதுதான் கடுப்பு. அதனால இந்தப் பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். பொறுத்தருள்க.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ராம்ப்ளர்ஸ் 1935-ல ஆரம்பிச்ச நடையர் அமைப்பு. சுமார் ஒரு லட்சம் உறுப்பினர்கள். சுமார் 500 உள்ளூர்க் குழுக்கள். வாராவாரம் ஆளைக் கூட்டிட்டு நடக்கறது குழு. அக்கம்பக்கத்துக் குழுக்களை எல்லாம் சேர்த்துப் பாத்துக்கறது "ஏரியா", ஏறக்குறைய ஒரு கவுண்டி அளவு. மேல ஒரு தலைமையகம், அங்க சம்பளத்துக்கு ஆளுங்க. குழுவுலயும் ஏரியாவுலயும் வேலை பாக்கறவங்க தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது.

இதுல எல்லாரும் கிண்டல் பண்றது அந்த நடு அடுக்கைத்தான். குழுன்னா நடை இருக்கு, போட்டோ இருக்கு, முடிவுல பப் இருக்கு. தலைமையகம்னா பெரிய பிரச்சாரம் இருக்கு. ஏரியாவுக்கு என்ன இருக்கு? மினிட்ஸும் பிஸ்கட்டும்தான்னு ஒரு நெனப்பு. நான் சொல்றது நேர் எதிர். ஏரியா ஒழுங்கா இருந்தாத்தான் மத்த ரெண்டும் நிக்கும்.

எப்படின்னு பாப்போம்.

முதல்ல, நடை தலைவர். ஒருத்தர் இருவது பேரைக் கூட்டிட்டுப் போகணும்னு முன்வர்றாருன்னு வைங்க. அவருக்கு மனசுல என்னென்ன ஓடும்? வழி தப்பிட்டா? யாராவது வழுக்கி கணுக்காலை ஒடிச்சுக்கிட்டா? நாளைக்கு என் மேல கேஸ் போட்டா? இதுக்கெல்லாம் வாட்ஸப் அட்மின் என்ன பதில் சொல்வாரு? கட்டை விரல் தூக்கி ஒரு எமோஜி போடுவாரு. அவ்ளோதான்.

ராம்ப்ளர்ஸ்ல குழுங்கறது தனி கிளப் இல்லை. எல்லாம் சேர்ந்து ஒரே அறக்கட்டளை. அதனால முறைப்படி அறிவிச்சு நடத்துற நடைக்கு, தலைமை தாங்குறவருக்குப் பொறுப்புக் காப்பீடு உண்டு. ஆனா காப்பீட்டுக் காகிதம் ஒருத்தரைத் தலைவர் ஆக்காது. முன்கூட்டியே அந்த வழில ஒருதடவை நடந்து பாக்கச் சொல்லணும். மேப் படிக்கக் கத்துத் தரணும். முதல் நாள் வரிசைக் கடைசியில ஒரு அனுபவஸ்தர் வரணும், யாரும் பின்தங்கிடாம பாத்துக்க. ஒரு சின்னக் குழுவுல இதைச் செய்ய ஆள் இருக்காது. பக்கத்துக் குழுவுல இருப்பாங்க. அந்த ரெண்டு பேரையும் கோத்து விடறவர் யாரு? ஏரியாதான்.

இப்ப ரெண்டாவது, பாதைகள். இதுலதான் விஷயமே இருக்கு.

இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சுமார் 1,40,000 மைல் பொதுப்பாதை இருக்கு. பாதி பேர் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவுல போகுதுன்னு நினைக்கறாங்க. இல்லை சாமி, அது சட்டத்துக்கு நடுவுல போகுது. வயலுக்குக் குறுக்க போற பாதையை விவசாயி உழுதா, 14 நாளுக்குள்ள திரும்பச் சரி பண்ணித் தரணும். குறைஞ்சது ஒரு மீட்டர் அகலம் வேணும். இது 1980 நெடுஞ்சாலைச் சட்டத்துல இருக்கு. பாதையைக் காப்பாத்தற பொறுப்பு உள்ளாட்சியோடது. ஆனா உள்ளாட்சிக்கு ஆயிரம் ஆணி. யாராவது போய், பாத்து, எழுதி, திரும்ப எழுதி, மூணாவது தடவையும் எழுதினாத்தான் அசையும்.

அதைவிட முக்கியம், பாதையை மாத்திப் போடற உத்தரவு. நில உரிமையாளர் ஒருத்தர் "என் வீட்டு வாசல் வழியா போற பாதையை அந்தாண்ட தள்ளுங்க"ன்னு கேக்கறாரு. உள்ளாட்சி உத்தரவு போடுது, அறிவிப்பு வருது. ஆட்சேபணை சொல்லக் குறைஞ்சது 28 நாள். யாரும் வாயைத் திறக்கலைன்னா உள்ளாட்சியே உறுதி பண்ணிடலாம். ஆட்சேபணை நின்னுச்சுன்னா அதால தானா உறுதி பண்ண முடியாது, மேல அனுப்பணும். இந்த அறிவிப்பைக் கட்டாயம் அனுப்ப வேண்டிய அமைப்புகள் பட்டியல்ல ராம்ப்ளர்ஸும் ஒண்ணு.

அனுப்பியாச்சு, சரி. அதைப் பிரிச்சுப் படிச்சு, மேப்பை எடுத்துக்கிட்டுப் போய், புது வழி மழைக்காலத்துல சேறாகுமா, நிஜமாவே சுத்து வழியான்னு நேர்ல பாத்துட்டு வர்றது யாரு? உள்ளூர்ல பாதைப் பொறுப்பு பாக்கற ஒரு தன்னார்வலர். அவர் உடம்பு சரியில்லாம ரெண்டு மாசம் படுத்துட்டா, மாத்து ஆள் வேணும். அந்த மாத்து ஆளைத் தயார் பண்ணி வெச்சிருக்கறதுதான் ஏரியா பண்ற உதவி. இல்லைன்னா அந்த 28 நாள் சத்தமில்லாம ஓடிடும். எந்த ஆப்பும் நோட்டிஃபிகேஷன் தராது.

நம்ம பாஷைல ஒரு உதாரணம். 2020-ல ராம்ப்ளர்ஸ் ஒரு வேலை பண்ணாங்க. பழைய மேப்பையும் புது மேப்பையும் பக்கத்துல பக்கத்துல ஸ்க்ரீன்ல போட்டு, அதிகாரபூர்வ வரைபடத்துல விட்டுப்போன பாதைகளைக் கண்டுபிடிங்கன்னு பொதுமக்களைக் கேட்டாங்க. ஆயிரக்கணக்கான பேர் சில வாரத்துல 49,000 மைலுக்கு மேல கண்டுபிடிச்சுட்டாங்க. அசத்தல்! கூட்டமா ஆன்லைன்ல சேர்ந்தா என்ன முடியும்ங்கறதுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனா மக்கா, அது பக் ரிப்போர்ட் மட்டும்தான். ஃபிக்ஸ் இல்லை. ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியா விண்ணப்பம் போடணும். ஆதாரம் வேணும். 1836-க்கு அப்புறம் தேவாலய வரிக்காக வரைஞ்ச மேப், 1910 நிலவரிக் கணக்குக்கான மேப்னு ஆவணக் காப்பகத்துல உக்காந்து தேடணும். இதுக்கு முதல்ல 1.1.2026-னு கெடு வெச்சிருந்தாங்க. 2023-ல இங்கிலாந்துக்கு அதை 2031-க்குத் தள்ளினாங்க. 2024 டிசம்பர்ல அந்தக் கெடுவையே எடுத்துடப் போறதா அரசாங்கம் அறிவிச்சுது. நல்லது. ஆனா கெடு போனா மட்டும் விண்ணப்பம் தானா எழுதிக்குமா? டிக்கெட்டைத் திறந்தவங்க ஆயிரக்கணக்குல. அதை மூடறதுக்கு வருஷக்கணக்குல ஒரே எடத்துல உக்கார்ற ஆளு வேணும். அந்த ஆளுக்குப் பயிற்சி வேணும், செலவுக்குக் காசு வேணும், "நல்லாருக்கீங்களா"ன்னு கேக்க ஒரு ஆளு வேணும்.

இப்ப எதிர்க்கட்சி வக்கீல் எழுந்திரிப்பாரு. "1932 ஏப்ரல் 24-ல கிண்டர் ஸ்கவுட் மலைல நானூறு பேரு அத்துமீறி ஏறினாங்களே, பென்னி ராத்மேன்ங்கற இருவது வயசுப் பையன் ஜெயிலுக்குப் போனாரே, அப்ப நடையர் சங்கங்க அதை ஆதரிக்கலையே?"

உண்மை. ஆதரிக்கலை, எதிர்த்தாங்க. கமிட்டிக்காரங்களுக்கு அந்த வியாதி உண்டு, நான் மறைக்கலை. அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனது வரலாறு. ஆனா அப்புறம் என்ன ஆச்சு? 1949-ல தேசியப் பூங்கா சட்டம், 2000-ல திறந்தவெளில நடக்கற உரிமைக்குச் சட்டம். நடுவுல 51 வருஷம்! டாம் ஸ்டீபன்சன் பென்னைன் வே பத்தி 1935-ல எழுதினாரு, 1948-ல இந்தச் சங்கத்துக்கே செயலாளர் ஆனாரு, பாதை திறந்தது 1965-ல. முப்பது வருஷம். ஒருநாள் மலை ஏற வீரம் போதும். முப்பது வருஷம் கடிதம் எழுத ஒரு கமிட்டி வேணும். தேர் இழுக்க ஊரே கூடும். சக்கரத்துக்குக் கட்டை போடறவர் நாலு பேருதான், அவங்க இல்லைன்னா தேர் வீட்டுக்குள்ள புகுந்துடும்.

அதுக்காக ஏரியா கமிட்டிகளுக்கு நான் ஜால்ரா தட்டலை. தலைமையகத்துலேர்ந்து வர்ற மெயிலைக் குழுக்களுக்கு ஃபார்வர்ட் பண்றதுக்குப் பேரு "ஆதரவு" இல்லை. அதுக்கு ஒரு ஸ்க்ரிப்ட் எழுதினாப் போதும், நானே எழுதித் தர்றேன் :-). என்னைக் கேட்டா ஒரு ஏரியா செய்யவேண்டியது நாலே நாலு:

1. புதுசா வர்றவரைத் தனியா விடாம ஒரு பழைய ஆளோட ஜோடி சேக்கறது.

2. ஒரே ஆளு செயலாளர், பொருளாளர், பாதைப் பொறுப்புன்னு மூணு தொப்பி போட்டிருந்தா, அவர் கழட்டி எறியறதுக்கு முன்னாடியே ரெண்டைக் கழட்டி விடறது.

3. காசை மூட்டை கட்டி வைக்காம அரிவாளுக்கும், கையுறைக்கும், முதலுதவிப் பயிற்சிக்கும், தன்னார்வலர் பஸ் செலவுக்கும் கேக்காமலே குடுக்கறது.

4. வருஷத்துல ஒருதடவையாவது ஒவ்வொரு குழுவோடவும் வந்து நடக்கறது. மீட்டிங் போடறது இல்லை, நடக்கறது.

இந்த நாலும் இல்லைன்னா என்ன ஆகும்? பொதுக்கூட்டத்துல "அடுத்த செயலாளர் யாரு?"ன்னு கேட்டதும் அறையில உள்ள அத்தனை பேரும் ஷூ லேஸைக் குனிஞ்சு பாப்பாங்க. ஒரு வருஷம் தள்ளுவாங்க, ரெண்டு வருஷம் தள்ளுவாங்க, அப்புறம் குழு கலைஞ்சுடும். நடக்கறவங்க பக்கத்து ஊருக்குப் போயிடுவாங்க. பாதை போகாது. அது அங்கயே முள்ளு மூடிக் கிடக்கும்.

வாட்ஸப் கோஷ்டிக்குக் கடைசியா ஒண்ணு. ராம்ப்ளர்ஸ்ல உறுப்பினர் ஆகாமலே மூணு நடை இலவசமா போய்ப் பாக்கலாம். போங்க. நாலாவது நடைக்கு உறுப்பினர் ஆயிடுங்க. அஞ்சாவது நடை முடிஞ்சதும் பப்புல உக்காந்திருக்கற அந்தப் பெரியவர் கிட்ட, "சார், உங்க வேலைல ஏதாவது ஒண்ணை எனக்குக் குடுங்க"ன்னு கேளுங்க. அவர் பத்து வருஷமா அந்த ஒரு வரிக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரு.

டிஸ்கி: வாட்ஸப் குரூப் வேண்டாம்னு எங்கயும் சொல்லலை. அதைப் படிக்கறதுக்கு நடுவுல ஒரு கேட்டையும் திறந்து விடுங்கன்னுதான் சொல்றேன். உள்குத்து ஏதுமில்லை, எல்லாமே நேர்குத்துதான். கும்ம வர்றவங்க வரிசைல வரவும்.