வேகம் அன்று, முகவரியே குறை!

விளையாட்டு அறுந்தால் "வேகம் போதாது" என்று கூடுதல் பணம் கட்டும் தோழர்களே, சற்றுப் பொறுங்கள்! தில்லி முனிர்க்காவின் வாடகை அறையிலிருந்து மதுரை நண்பனுடன் இணையத்தில் நேரடியாக விளையாட முயன்று, நானும் பல இரவுகள் தோற்றிருக்கிறேன். குறை வேகத்தில் இல்லை, முகவரியில் உள்ளது.

ஐ.பி. நான்காம் பதிப்பில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. ஆசிய-பசிபிக் வட்டாரத்தின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்தது. ஆகவே பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. வீட்டுக்காரரின் ரவுட்டர் ஒரு காவலன். இணைப்பு நிறுவனத்தின் கருவி மற்றொரு காவலன். வெளியே செல்லத் தடையில்லை. அழையாமல் வருபவரை எந்த அறைக்கு அனுப்புவதென்று அறியாமல் திருப்பிவிடுவர். இரு முனையிலும் இந்நிலையெனில் நண்பர்கள் சந்திப்பது எங்ஙனம்? நம் ரவுட்டரில் வழி திறந்தாலும், நிறுவனத்தின் கதவு நம் கையில் இல்லையே! இடையில் ஒரு சர்வர் வழியே ஆடலாம். ஆனால் தாமதம் கூடும்.

ஆறாம் பதிப்போ கருவிதோறும் தனி முகவரி தர வல்லது. காவலை நீக்க வேண்டாம். வேண்டியவரை மட்டும் உள்ளே விடச் செய்யலாம். இதற்கான செயல்திட்டத்தை மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010லேயே வெளியிட்டது. ஆகவே, பணம் கட்டுமுன் "ஆறாம் பதிப்பு உண்டா?" என்று கேளுங்கள். அது சலுகையன்று, நம் உரிமை!