ஓடாத மெஷினுக்கு ஒரு பில்

கணியூரில் மச்சான் (அக்கா வீட்டுக்காரர்) நிட்டிங் ஜாப் ஒர்க் நடத்துகிறார். நூல் கொடுத்தால் பனியன் துணியாகப் பின்னித் தருவார். பன்னிரண்டு மெஷின். 2023 பிப்ரவரியில் நான் போனபோது ஓடிக்கொண்டிருந்தது நாலு. மற்ற எட்டும் சேலை போர்த்தித் தூங்கின. (அக்காவின் பழைய சேலைகள். தூசி படாமல் இருக்க.)

காபிக்கு முன்னால் கரண்ட் பில் வந்தது.

''மாப்ளே, நீ பி.காம்.தானே? இதைப் பாரு. ஓடாத மெஷினுக்கு எதுக்குடா காசு?''

''ஏனுங்க, வந்ததும் வராததுமா அவனைப் போட்டுப் படுத்தறீங்க?'' என்றாள் அக்கா.

நான் காஸ்ட் அக்கவுண்டிங்கை மூன்றாவது அட்டெம்ப்ட்டில் பாஸ் பண்ணியவன். அது மச்சானுக்குத் தெரியாது. கம்பீரமாக வாங்கிப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். மச்சான் வாங்கி வைத்திருப்பது 80 கிலோவாட் இணைப்பு. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு மாதாமாதம் நிலைக் கட்டணம் உண்டு. முன்பு கிலோவாட்டுக்கு 35 ரூபாய், ஆக 2,800. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் போட்ட உத்தரவில், 50 கிலோவாட்டைத் தாண்டிய சிறுதொழில்களுக்கு அது 150 ஆனது. பெருக்கிப் பாருங்கள், 12,000! யூனிட் காசு தனி. (வீடுகளுக்கு நிலைக் கட்டணத்தை அதே உத்தரவில் எடுத்துவிட்டார்கள். அதனால்தான் நமக்கெல்லாம் உறைக்கவில்லை.)

''இது அநியாயமா இல்லையா?''

''அப்படிச் சொல்ல முடியாது மச்சான்'' என்றேன். காபி இன்னும் கொஞ்சம் லேட்டானது.

மேன்ஷனில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து, அந்தக் காசைக் கழிச்சுக்கச் சொல்லுங்கள். ''தம்பி, நீங்க வரலேன்னாலும் மாஸ்டர் சம்பளம், கட்டட வாடகை எல்லாம் இருக்கே!'' என்பார் மெஸ்காரர். மின்சாரமும் அப்படித்தான். நாம் எப்போது சுவிட்சைப் போடுவோம் என்று தெரியாமல் கம்பி, கம்பம், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் தயாராக நிற்க வேண்டும். ஜான் ஹாப்கின்சன் என்ற இங்கிலீஷ் இன்ஜினீயர் 1892-லேயே சொல்லிவிட்டார்: தயாராக நிற்பதற்கு ஒரு காசு, எடுத்த கரண்டுக்கு ஒரு காசு.

மச்சான் விடவில்லை. ''சரிடா. மெஸ்ஸுல பாதிப்பேரு ரூம்லயே ஸ்டவ் வாங்கி வெச்சுட்டா?''

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஸ்டவ் என்பது சோலாரும் காற்றாலையும். வசதியுள்ள மில்காரர் போட்டுக்கொள்கிறார். கம்பியின் செலவு குறைவதில்லை. மிச்சம் இருப்பவர்கள் இலையில் விழுகிறது. ரேட்டை ஏற்றினால் இன்னும் பத்துப் பேர் ஸ்டவ் வாங்குவார்கள். ஸ்டவ் வாங்க முடியாதவர் யார்? பார்த்தால், எதிரில் மச்சான்.

ஆக, நிலைக் கட்டணம் சரியா தப்பா என்பதல்ல கேள்வி. ஆர்டர் எப்போது வரும் என்று யாருக்குமே தெரியாத தொழிலில், வராத மாதத்தின் நஷ்டம் யார் தலையில்? கரண்ட் கொடுப்பவர் அதை லட்சக்கணக்கான இணைப்புகளில் பரப்பிவிடலாம். மச்சான் எதில் பரப்புவார்? சேலை கட்டிய எட்டு மெஷினிலா?

இந்த நியாயம் ஒருமுறை கோர்ட்டிலும் எடுபட்டது. உயர் அழுத்த இணைப்புள்ள மில்கள், ஓடிய அளவு அல்லது ஒப்பந்த அளவில் 90 சதவீதம், இதில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். கொரோனா ஊரடங்கில் எல்லாம் மூடிக் கிடக்க, 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் காலத்துக்கு 90 வேண்டாம், 20 போதும் என்றது. கொரோனாவுக்கு இரங்கலாம் என்றால், ஆர்டர் இல்லாத மாதத்துக்கும் கொஞ்சம் இரங்கலாமே? சின்ன யூனிட்டுக்கு அந்த மாதம் நிஜமாக எவ்வளவு இழுத்தது என்று பார்த்து நிலைக் கட்டணம் போட்டால் என்ன?

நிற்க. என் பி.காம். மூளை திடீரென்று வேலை செய்தது. ''மச்சான்! இணைப்பை 50 கிலோவாட்டாக் குறைச்சுக்கலாம். 50 வரைக்கும் ரேட்டு 75 தான். மாசம் 3,750. மிச்சம் 8,250!''

மச்சான் சிரித்தார். ''குறைச்சுட்டு, அடுத்த மாசம் ஆர்டர் வந்தா? மறுபடி எழுதிக் கொடுத்து, வளர்ச்சிக் கட்டணம் கட்டி, காத்துக் கிடக்கோணும். ஆர்டர் கொடுத்தவன் காத்திருப்பானா? ஆறு மாசத்துக்கு ஆர்டர் வராதுன்னு நீ கையெழுத்துப் போட்டுக் கொடு, நாளைக்கே குறைச்சுக்கறேன்.''

காஸ்ட் அக்கவுண்டிங்கில் அந்தச் சாப்டர் இல்லை. பேனாவை மூடி வைத்தேன். காபி வந்தது. ஆறிப்போயிருந்தது.

இணைப்பு 80-லேயே இருந்தது. கட்டணம் அதற்குப் பிறகும் ஏறியது. 2023 செப்டம்பர் 25-ம் தேதி, கட்டண உயர்வைக் கண்டித்துத் தமிழ்நாடு முழுக்கச் சிறுதொழில்காரர்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தினார்கள். மச்சானும் அந்த நாலு மெஷினை நிறுத்தினார். சாயங்காலம் போன் பண்ணி, ''எப்படி மச்சான் போராட்டம்?'' என்றேன்.

''நல்லாத்தான் நடந்துச்சு மாப்ளே'' என்றார். ''ஆனா, இன்னைக்கும் நிலைக் கட்டணம் உண்டு.''