நீலக் குவிமாடமும் காலையுணவும்

மத்தியதரைக் கடற்கரைக்கு விடுமுறைப் பயணம் சென்று திரும்பும் நம் எழுத்தாளர்களின் கட்டுரைகளைப் பயண இலக்கியம் என்று ஏற்க என்னால் இயலவில்லை. சாந்தோரினியின் நீலக் குவிமாடம், துப்ரோவ்னிக்கின் கோட்டை மதில், பிறகு காலையுணவுப் பட்டியல். விடுதிக்காரர் அச்சிடும் கையேட்டிலேயே இவை உள்ளனவே!

ஓய்வெடுப்பது அவரவர் உரிமை. ஓய்வெடுத்ததை இலக்கியம் என்று இதழில் அச்சேற்றுவதுதான் கேள்விக்குரியது.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் வாழ்ந்த பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' சரக்குக் கணக்கு மிகுந்த நூல். நேரில் வந்தாரோ, கேட்டெழுதினாரோ; சங்கரன்கோவிலிலிருந்து பேருந்தில் அரைநாளில் எட்டக்கூடிய கொற்கையைப் பற்றி அவர் குறிப்பது, அங்கே முத்துக்குளித்தவர்கள் தண்டனைக் கைதிகள் என்பதை. சரக்கு தேடிய வணிகருக்கு உழைப்பவர் தெரிந்தார். விடுதிப் படுக்கையை விரிப்பவர் நான் வாசித்த கட்டுரை எதிலும் தென்படவில்லை.

2024 ஜூலையில் பார்சிலோனாவாசிகள், வீட்டு வாடகை உயர்வுக்குச் சுற்றுலாவே காரணமென்று ஊர்வலம் சென்றனர். உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மீது நீர்த்துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினர். அந்நகருக்குப் போய்வந்தவர்களும் கடலின் நீலத்தையே எழுதுகிறார்கள். வாடகை எவ்வளவு என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கலாமே.