அங்கதம் யாரைச் சுடவேண்டும்?

வசைபொதிந்த செய்யுளைத் தொல்காப்பியனார் அங்கதம் என்பர். வெளிப்பட வைவது செம்பொருள் அங்கதம்; மறைத்து வைவது பழிகரப்பு அங்கதம். எங்ஙனம் வைவது என்பது இதனால் விளங்கும். யாரை வைவது என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில நாட்டில் அங்கதப் பா தழைத்தோங்கிற்று. பிரபு ஒருவர் நங்கையொருத்தியின் கூந்தற் சுருளைக் கத்தரித்தமையால் இரு குடும்பங்கள் பகைகொண்டன. அச்சிறு நிகழ்ச்சியைப் பெருங்காப்பிய நடையிற் பாடி 1712-இல் வெளியிட்டார் அலெக்சாண்டர் போப். அற்பத்தை மலையாக்கும் செல்வர் செருக்கு அதன்கண் நாணி நின்றது. ஆயின், 1728-இல் வெளிவந்த டன்சியட் என்னும் நூலில் அவரே, கூலிக்கு எழுதிப் பிழைத்தோரின் வறுமையையும் எள்ளினார். முன்னது மருந்து, பின்னது காழ்ப்பு.

மருந்தாகிய அங்கதத்திற்கு நம் தமிழிற் சிறந்த சான்று, கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் இயற்றிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. அந்நாட்டு வேளாளரிடையே குடும்பச் சொத்தின் பெரும்பகுதி மக்களுக்கன்றி உடன்பிறந்தாள் மக்களுக்கே சென்றது. கணவனை இழந்தாள் குழந்தைகளோடு தெருவில் நிற்க, வழக்குகள் மட்டும் வளர்ந்தன. கவிமணி இதனைத் தாமே மேடையேறிக் கண்டித்தாரல்லர். மனைவியர் ஐவரை மணந்தான் ஒருவனின் ஐந்தாம் மனைவியைப் பேசவைத்தார். படிப்போர் முதலில் நகைப்பர். பின்னர்த் தம் நகைப்பிற்குத் தாமே நாணுவர். 1917-18-இல் இப்பாட்டுத் 'தமிழன்' இதழில் தொடராக வந்தது. 1926-இல் திருவிதாங்கூரில் அவ்வழக்கத்தை மாற்றும் சட்டம் பிறந்தது. சட்டம் பாட்டொன்றாற் பிறப்பதன்று. எனினும், மக்கள் உள்ளத்தைப் பண்படுத்தியதில் இப்பாட்டிற்கும் பங்குண்டு.

இதனை யான் கற்றது நூலால் மட்டுமன்று. சென்ற விடுமுறையில், எம்மூராகிய கனகசெட்டிக்குளத்தில், கடன்பட்டு மகளுக்கு ஆடம்பரமாய் மணம் முடித்த ஒருவரை எள்ளி வெண்பா ஒன்று புனைந்தேன். நண்பர் கைகொட்டினர், யானும் இறுமாந்தேன். அப்பெண் அதனைக் கேட்டு அழுதாள் என்று பின்னரே அறிந்தேன். வெண்பாவில் தளை தட்டவில்லை, அறம் தட்டிற்று. ஊரார் பழிக்கு அஞ்சிக் கடன்பட்டவரைச் சுட்டேனேயன்றி, அவரைக் கடனிற் றள்ளிய வழக்கத்தைச் சுட்டேனல்லேன்.

ஆதலின், பாப்புனையும் மாணவ நண்பர்காள்! எழுதுமுன் ஒன்று வினவுங்கள். நம் பாட்டைக் கேட்டு நகைப்போர் யார்? அழுவோர் யார்? எளியோர் அழுவாராயின், அவ்வேட்டைக் கிழித்தெறிதலே புலமை.