தந்தை குற்றமும் குழந்தை தலையும்

நமது காஞ்சிக்குத் தெற்கே மணலாய்க் கிடக்கும் பாலாறு, மேற்கே வேலூரில் ஓர் அரசனுடைய சமாதிக்கு அருகாக ஓடி வருகிறது. அவன் கண்டி ராஜ்யத்தின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சத்தவன், பிள்ளைப் பெயர் கண்ணுசாமி. 1815-ம் வருஷம் பிப்ரவரி 18-ந் தேதி பிடிபட்டு, மறுவருஷம் கடல் கடத்தப்பட்டு, வேலூர்க் கோட்டையில் 16 வருஷம் காவலிலிருந்து, 1832 ஜனவரி 30-ந் தேதி மாண்டான்.

ருஷ்ய ராஜ குடும்பத்தின் முடிவைக் கேட்டுக் கண்ணீர் விடுவோரும் உண்டு, கைகொட்டுவோரும் உண்டு. இரு சாராரும் ஒரு முறை வேலூர் சென்று வருவது நலம்.

ஜார் நிக்கலஸின் ஆட்சி கொடுங்கோல் என்பதில் ஐயமில்லை. 1905 ஜனவரியில் மனுவேந்தி அரண்மனையை நோக்கி வந்த ஏழைப் பிரஜைகளைத் துருப்புகள் சுட்டு வீழ்த்தின. 1917 மார்ச்சில் ஜனங்கள் அவரை முடி துறக்கச் செய்தது முற்றிலும் நியாயமே. ஆனால் 1918 ஜூலை 17-ந் தேதி பின்னிரவில், எக்காத்தரீன்பர்க் நகரில், அவரோடு மனைவியையும், நான்கு பெண்களையும், நோயாளியான 13 வயதுப் பிள்ளையையும், வைத்தியர் உள்ளிட்ட ஊழியர் நால்வரையும் நிலவறையில் நிறுத்திச் சுட்டார்களே, அதற்கு எந்தச் சட்டம் இடந் தந்தது? விசாரணை எங்கே? ஜாரைக் கொன்றதைப் பகிரங்கப்படுத்தியவர்கள், மனைவியும் மகனும் பத்திரமான இடத்தில் இருப்பதாகப் பொய்யுரைத்தார்கள். செய்தது தர்மமென்று செய்தவர்களே நம்பவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

நிற்க. கண்டி மன்னன் மட்டும் குற்றமற்றவனா? அல்லன். அவனுடைய பிரதானி எஹலபொல ஆங்கிலேயரை நாடி ஓடியபோது, 1814-ல் அவனுடைய மனைவி மக்களைக் கொல்வித்தான். தகப்பன் செய்ததற்குக் குழந்தைகளின் சிரசு போயிற்று. அக்கொடுமையே அவன் சிம்மாசனத்துக்கு உலை வைத்தது.

1815 மார்ச் 2-ந் தேதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்தார்கள். மன்னன் பட்டமிழந்தான் என்பதோடு அது நிற்கவில்லை. அவனுடைய உறவினரான ஆண்மக்கள் அனைவரும் அரசாங்கத்தின் சத்துருக்கள் என்றும் அது விதித்தது. பிறப்பே குற்றமாயிற்று! பயன் கண்டவர் யார்? மூன்றாண்டுக்குள் கண்டி ஜனங்கள் புது எஜமானரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து நசுக்கப்பட்டார்கள். ஆங்கிலேயருக்குத் துணை நின்ற எஹலபொலையும் மொரீஷியஸுக்கு நாடு கடத்தப்பட்டு 1829-ல் அங்கேயே இறந்தான்.

இவை பழங்கதையென்று தள்ளிவிடற்க. ஒருவன் மேல் குற்றஞ் சாட்டப்பட்டவுடன், பெண்டு பிள்ளைகள் வசிக்கும் அவன் வீட்டை யந்திரங் கொண்டு இடிக்கும் வழக்கம் நமது தேசத்திலேயே தலைதூக்கிற்று. குற்றச்சாட்டைக் காரணமாக வைத்து இவ்விதம் இடிப்பது சட்ட விரோதமென 2024 நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் இடிக்கும்போது கைகொட்டிய ஜனங்களின் மனம் மாறியதா?

அநியாய ஆட்சியை வீழ்த்தப் புறப்படும் தேசபக்தர்களே! குற்றவாளியைக் கூண்டில் நிறுத்துங்கள், அவன் சொல்வதையும் கேளுங்கள், நிரூபணமானால் தண்டியுங்கள். அவன் குழந்தையை மட்டும் தொடாதீர்கள். தொட்டால், நீங்கள் வீழ்த்திய அரசனுக்கும் உங்களுக்கும் என்ன பேதம்?