முதல்ல உங்க வீட்டு மெயினை அணைங்க சாமி!

இது ஒரு கோபப் பதிவு மக்களே. யாரைத் திட்டப் போறேன்னு கேட்டா, என்னையும் சேர்த்து ஒரு முப்பது நாப்பது பேரை.

போன வாரம் எங்க ஹாம் ரேடியோ வாட்சப் குழுவுல ஒருத்தர் படம் போட்டார். உள்ளங்கையில அடங்குற ஸ்பெக்ட்ரம் அனலைசர். திரை முழுக்க மஞ்சள் கோடு மேகமலை மாதிரி ஏறி இறங்குது. கீழ ஒரு வரி: "7 மெகாஹெர்ட்ஸ் செத்துப்போச்சு. கரண்ட் லைன்காரங்களும் டவர்காரங்களும் சேர்ந்து கொன்னுட்டாங்க." உடனே பதினாலு கட்டைவிரல். நாலு பேர் "மனு போடுங்க சார்"னு உசுப்பேத்தல். நான் மட்டும் கேட்டேன்: "சார், உங்க வீட்டு மெயினை அணைச்சுப் பார்த்தீங்களா?"

"தம்பி, நான் இருபது வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன்"னு பதில் வந்தது.

இருங்க சார், சந்தோஷம். மெயினை அணைச்சீங்களா இல்லையா?

பதில் வரல. அதான் இந்தப் பதிவு.

ரேடியோ பக்கமே போகாதவங்களுக்குச் சின்ன விளக்கம். ஹாம் ரேடியோன்னா பரீட்சை எழுதி, மத்திய அரசோட தொலைத்தொடர்புத் துறைகிட்ட லைசென்ஸ் வாங்கி, சொந்தமா ஒலிபரப்பியும் கேட்டும் பேசிக்கிற பொழுதுபோக்கு. 7 மெகாஹெர்ட்ஸ்ங்கிறது எங்களுக்கு டீக்கடை பெஞ்சு மாதிரி. மொட்டை மாடியில ஒரு கம்பியைக் கட்டினா பகல்ல சில நூறு கிலோமீட்டர் சுலபமாப் போகும், இடையில டவரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். ரேடியோ ஒரு நேரத்துல ஒரு இடத்தைத்தான் கேட்கும். ஸ்பெக்ட்ரம் அனலைசர் இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் எங்கெங்க எவ்வளவு சத்தம்னு கோடா வரைஞ்சு காட்டும். ரேடியோ காதுன்னா இது கண்ணு.

நான் காலேஜ்ல படிச்சப்போ இந்தக் கருவி லேப்ல ஒண்ணே ஒண்ணு இருந்தது, துணி போட்டு மூடி. நாலு வருஷத்துல நான் தொட்டது ரெண்டு தடவை. 2020ல எரிக் காஸ்ஹூக்ங்கிறவர் வடிவமைச்ச டைனிஎஸ்ஏ வந்ததுக்கப்புறம் கதை மாறிப்போச்சு. ஆண்ட்ராய்டு போன் வாங்குற காசு கூட வேண்டாம், சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிடலாம். என்னைக் கேட்டா இது பெரிய புரட்சி. அதே சமயம் பெரிய வியாதியும் கூட. கையில கண்ணு கிடைச்சதும் எல்லாரும் அடுத்தவன் வீட்டைத்தான் முதல்ல பார்க்குறோம்.

நானும் அப்படித்தான் பார்த்தேன். கேளுங்க.

ஊர் உத்தமபாளையம் பக்கம். பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தவன், இப்போ வீட்ல இருந்தே தட்டுறேன். சாயங்காலம் வேலை முடிஞ்சு ரேடியோ முன்னாடி உட்கார்ந்தா ஆறரை மணிக்கு டாண்னு இரைச்சல் ஆரம்பிக்கும். மீட்டர்ல மூணுல நிக்கிற முள்ளு ஒம்போதுக்கு ஏறிடும். அந்த மீட்டர்ல ஒரு படின்னா 6 டிபி. ஆறு படி, 36 டிபி. சாதாரணக் கணக்குல சொன்னா இரைச்சலோட சக்தி கிட்டத்தட்ட 4000 மடங்கு. மதுரைக்காரர் கூப்பிட்டாலும் கேட்காது, மங்களூர்க்காரர் கூப்பிட்டாலும் கேட்காது.

எல்லாரையும் திட்டினேன். ஆண்டிபட்டி பக்கம் இருக்கிற காத்தாடியைத் திட்டினேன். செல்போன் டவரைத் திட்டினேன். பக்கத்துத் தோட்டத்து சோலார் மோட்டாரைத் திட்டினேன். ஒருநாள் அந்த நேரம் பார்த்துக் கரண்டு போச்சு. ரேடியோ பேட்டரியில ஓடிக்கிட்டு இருந்தது. இரைச்சல் சுத்தமா அடங்கிருச்சு! "பார்த்தியா, லைன்லதான் கோளாறு"ன்னு துள்ளிக் குதிச்சு மூணு பக்கத்துக்கு மனு எழுதினேன்.

இஞ்சினியரிங் படிச்ச மூளையைப் பாருங்க. தெருவுக்கே கரண்டு போனா என் வீட்டுக்கும் சேர்த்துத்தானே போகும்? அதுல இருந்து லைன்தான் குற்றவாளின்னு எப்படி முடிவுக்கு வந்தேன்? ஏன்னா எனக்கு அந்த முடிவுதான் வேண்டியிருந்தது.

மனுவை அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பெரியவர் ரேடியோவிலேயே சொன்னார்: "தெரு வெளிச்சமா இருக்கும்போது உன் மெயினை மட்டும் அணைச்சுப் பாருப்பா." அணைச்சேன். முள்ளு மூணுக்கு வந்து நின்னுச்சு. வயித்துக்குள்ள ஏதோ பண்ணுச்சு. ஒவ்வொரு ஸ்விட்சா போட்டுக்கிட்டே வந்தேன். மாட்டுக்கொட்டகை லைட்டைப் போட்டதும் முள்ளு ஒம்போதுக்குப் பாய்ஞ்சது. சந்தையில அறுபது ரூபாய்க்கு வாங்கின எல்இடி பல்பு. வாங்கினது யாரு? அடியேன்தான்.

அம்மாகிட்ட சொன்னேன். "ஆறு மாசமா உங்கப்பா டிரான்சிஸ்டர்ல கரகரன்னு வருது, கொட்டகைல லைட்டு போட்டாத்தான் வருதுன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. நீ காதுல வாங்குனியா?"ன்னு கேட்டாங்க. அப்பாவோட பழைய மீடியம் வேவ் டப்பா கண்டுபிடிச்சதை என் கருவி கண்டுபிடிக்கல. ஏன்னா அதை நான் வீட்டுக்கு வெளியிலதான் நீட்டிக்கிட்டு இருந்தேன் :-(

அந்த பல்புக்குள்ள நடக்கிறது ரொம்ப எளிமை. வீட்டுக் கரண்டை நேரடியா எல்இடிக்குக் கொடுக்க முடியாது. உள்ள ஒரு சின்ன சர்க்யூட் செகண்டுக்குப் பல்லாயிரம் தடவை ஆன் ஆஃப் ஆகி மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும். அந்த வேகத்தோட மடங்குகள் எல்லாம் ரேடியோ அலைவரிசையில வந்து விழும். அதைத் தடுக்க ஒரு சுருளும் ரெண்டு மின்தேக்கியும் போதும். விலையைக் குறைக்கணும்னா கம்பெனிக்காரன் முதல்ல பிடுங்குறது அதைத்தான். அப்புறம் உங்க வீட்டு ஒயரிங்கே ஆண்டெனா ஆயிடும்.

இனி பாகம் ரெண்டு. பல்பை மாத்தினப்புறம் இன்னொண்ணு மிச்சம் இருந்தது: டிக்... டிக்... டிக். செகண்டுக்கு ஒண்ணு. அனலைசரை ஒரே அலைவரிசையில நிறுத்தி, நேரத்தை மட்டும் வரையச் சொன்னேன். சொல்லி வெச்ச மாதிரி ஒரே இடைவெளியில ஊசி ஊசியா எழும்பிச்சு. எங்க பள்ளத்தாக்குக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், அது சோலார் வேலி. காட்டுப்பன்னிக்காகப் போடுறது. செகண்டுக்கு ஒரு தடவை சில ஆயிரம் வோல்ட்டுல கண்ணிமைக்கிற நேரம் கூட இல்லாம ஒரு அடி அடிக்கும். (வீட்டு லைனை நேரா வேலியில கொடுக்கிற கொலைகாரப் பழக்கம் வேற. அதைச் செய்யுறவன் ஜெயிலுக்குத்தான் போகணும்.)

நல்லா இருக்கிற வேலி இவ்வளவு கத்தாது. எங்கேயோ பொறி பறக்குதுன்னு அர்த்தம். கேபிள்ல ஒரு சாண் அகல வளையம் பண்ணி மாட்டிக்கிட்டுக் கிளம்பினேன். வளையத்தோட முகம் சத்தம் வர்ற பக்கம் நேரா திரும்பும்போது சிக்னல் சட்டுனு குறையும். அதிகமாகுற இடத்தைத் தேடாதீங்க, குறையுற இடத்தைத் தேடுங்க. அதுதான் கூர்மையா இருக்கும். ஆனா வேலி முழுக்கக் கம்பி, அது முழுக்கச் சத்தத்தைச் சுமக்கும். 7 மெகாஹெர்ட்ஸ்ல தேடினா அங்கிட்டும் இங்கிட்டும் சுத்த வேண்டியதுதான். கிட்ட வர வர அலைவரிசையை மேல ஏத்திக்கிட்டே போகணும். 30, அப்புறம் 100க்கு மேல. மேல போகப் போக அந்தச் சத்தம் கம்பியில ரொம்ப தூரம் போகாது. 140ல கேட்டா பக்கத்துல வந்துட்டோம்னு அர்த்தம்.

திராட்சைப் பந்தல் ஓரம், மூலைக் கல்லு. இன்சுலேட்டர் விரிஞ்சு கிடக்கு, மேல ஒரு கோவைக்கொடி படர்ந்திருக்கு. இருட்டுல நீலமாப் பொறி தெரிஞ்சது. தோட்டக்கார மாமாவைக் கூப்பிட்டேன். சண்டைக்கு வருவாரோன்னு பயம்தான்.

"அட, இதான் விஷயமா மாப்ள! நாலு நாளா பன்னி உள்ள வந்துட்டுப் போகுது. மெஷின் போச்சுன்னுல நெனச்சேன்!"

பொறியா வீணாப்போன அடிதான் அவருக்கு வேலியில குறைஞ்ச அடி. கொடியை வெட்டினார், இன்சுலேட்டரை மாத்தினார். என் டிக் டிக் போச்சு, அவர் தோட்டத்துக்குள்ள வந்த பன்னியும் போச்சு. மறுநாள் வீட்டுக்கு ஒரு கூடை பன்னீர் திராட்சை வந்தது. நான் மனு போட்டிருந்தா என்ன வந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அடுத்தது, கருவி பொய் சொல்லும். தேனியில மாடியில நின்னு பெரிய ஆண்டெனாவை மாட்டினா, மலை மேல கொடைக்கானல் எஃப்எம் 100.5ல இடிக்கிற இடியில அனலைசருக்கே தலை சுத்தி, இல்லாத சிக்னலை எல்லாம் வரையும். அதைப் படம் பிடிச்சு "ஆக்கிரமிப்பு"ன்னு குழுவுல போடுறாங்க. ஒரு சின்ன சோதனை. கருவிக்கு உள்ளேயே அட்டெனுவேட்டர் இருக்கு, 10 டிபி வைங்க. நிஜ சிக்னல்னா கருவி அந்தக் கணக்கைச் சேர்த்துக்கிட்டு அதே உயரத்தைக் காட்டும். பொய்ச் சிக்னல் படுத்துரும். அரை நிமிஷ வேலை. படம் போடுற எத்தனை பேர் செய்யுறீங்க?

அதைவிட, நம்ம கையில இருக்கிற வாக்கியைச் சோதிச்சீங்களா? விலை குறைஞ்ச சில வாக்கிகள்ல 145 மெகாஹெர்ட்ஸ்ல பேசினா 290லயும் 435லயும் எதிரொலி கிளம்பும். 435 நம்மளோட இன்னொரு பேண்டு, அங்க பேசுறவன் காதுல நாமளே மண்ணைப் போடுறோம். (சோதிக்கிறேன்னு 5 வாட்டை நேரா அனலைசர்ல சொருகிடாதீங்க. 37 டிபிஎம். கருவி தாங்குறது 10 வரைக்கும்தான். நடுவுல 40 டிபி அட்டெனுவேட்டர் கண்டிப்பா வேணும்.)

"அப்போ அரசாங்கத்து மேல தப்பே இல்லையா?" இருக்கு. பல்பு டப்பாவுல இருக்கிற பிஐஎஸ் பதிவு அடிப்படையில பாதுகாப்புக்கானது. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்காதுன்னு சொல்லும், ரேடியோ இரைச்சலைப் பத்திக் கவலைப்படாது. உஜாலா திட்டத்துல மட்டும் 36 கோடிக்கு மேல எல்இடி பல்பு கொடுத்த நாடு இது. மின்சாரம் மிச்சம், நல்ல காரியம், மறுக்கல. இவ்வளவு பல்பு எரியுற நாட்டுல கடையில விக்கிற ஒவ்வொரு பல்புக்கும் இரைச்சல் எல்லை வைக்கணும், சந்தையில வாங்கிச் சோதிக்கணும்னு நாம ஒண்ணாக் கேட்கணும். அதே மாதிரி மலை மறைப்புல சிக்னல் வரலைன்னு ஆளாளுக்கு மாட்டுற மொபைல் பூஸ்டர். அனுமதி இல்லாம அதை வெச்சிருக்கிறதே சட்டவிரோதம்னு தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில அறிவிப்பே கொடுத்தது. ஒரு வீட்டுக்கு வர்ற நாலு கட்டை சிக்னலுக்காக மொத்தத் தெருவுக்கும் டவர் செவிடாகலாம்.

ஆனா கேட்கிறவன் கை சுத்தமா இருக்கணும். அளவு இல்லாத, சோதிக்காத, சொந்த வீட்டையே பார்க்காத ஐம்பது மனு போனா, ஐம்பத்தோராவதா வர்ற நிஜ மனுவையும் எவனும் படிக்க மாட்டான்.

"இது வெறும் பொழுதுபோக்குதானே, யாருக்கு என்ன நட்டம்"னு கேட்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2004 டிசம்பர்ல பாரதி பிரசாத் ஒரு குழுவோட ஹாம் ரேடியோ பயணமா போர்ட் பிளேர் போயிருந்தாங்க, பொழுதுபோக்காத்தான். 26ம் தேதி சுனாமி அடிச்சு மத்த தொடர்பெல்லாம் போனப்போ அந்தப் பொழுதுபோக்கு ரேடியோதான் அந்தமான்ல இருந்து சேதி சொல்லுச்சு. அந்தப் பக்கம் கேட்டவங்க வீட்ல என் மாட்டுக்கொட்டகை பல்பு எரிஞ்சிருந்தா? கூப்பிடுறவன் எவ்வளவு கத்தினாலும் கேட்கிறவன் பக்கம் 4000 மடங்கு இரைச்சல் இருந்தா சேதி சேராது.

எங்க பள்ளத்தாக்கு ரெண்டு பக்கமும் மலை. 2018 மார்ச்ல குரங்கணிக் காட்டுத் தீ, 2023 மே மாசம் கம்பம் ஊருக்குள்ளேயே வந்த அரிக்கொம்பன்னு பார்த்தவங்க நாங்க. யானை கழுத்துல இருந்த ரேடியோ காலரைப் பத்தி அப்போ டீக்கடை டீக்கடையாப் பேச்சு. எல்லாருக்கும் சிக்னல் வேணும். அந்த சிக்னல் போற வழியைச் சுத்தமா வெச்சுக்கணும்னு மட்டும் யாருக்கும் தோணல. முல்லையாத்துல சாக்கடை கலந்தா கண்ணுக்குத் தெரியும், போராடுவோம். இது தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால கருவி வெச்சிருக்கிற புண்ணியவான்களே, இனிமே படம் போட்டா கூடவே மூணு வரி எழுதுங்க: மெயினை அணைச்சேன், அட்டெனுவேட்டர் வெச்சேன், நடந்து போய்ப் பார்த்தேன். அந்த மூணும் இருந்தா மனுவுல முதல் கையெழுத்து என்னோடது. இல்லேன்னா கட்டைவிரல் கிடையாது. சொல்லிட்டேன்.

வர்ட்டா..

டிஸ்கி: மேல சொன்ன இருபது வருஷ அனுபவஸ்தர் நேத்து ராத்திரி தனியா மெசேஜ் அனுப்பினார். "தம்பி, மீன் தொட்டி லைட்டு." அவ்வளவுதான் எழுதியிருந்தார். குழுவுல இன்னும் சொல்லல. சொல்லுவார்னு நம்புறேன் :-)