கடலின் மீது பழி போடுவதேன்?

கரையோரத்தில் புயலடித்து வீடுகள் சரிந்தாலும், மழை ஒரேயடியாய்க் கொட்டி ஊர் மூழ்கினாலும், நமது மக்களுக்குள் இரண்டு விதமான பேச்சுக் கிளம்பி விடுகின்றது. ஒன்று, "கடல் தெய்வத்துக்குக் கோபம் வந்துவிட்டது, கலி முற்றிவிட்டது" என்பது. மற்றொன்று, கொஞ்சம் இங்கிலீஷ் படித்தவர்கள் பேசுவது, அதாவது, "இது இயற்கையின் சீற்றம், இதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்பது. முன்னது பாமரர் பேச்சு, பின்னது அறிவாளிகள் பேச்சு என்று சொல்லிக் கொள்ளப்பட்ட போதிலும், இரண்டுக்கும் யாதொரு வித்தியாசமும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. ஏனெனில் இரண்டும் செய்கின்ற வேலை ஒன்றேயாகும். நடந்த காரியத்துக்குக் காரணம் என்ன, பொறுப்பாளி யார் என்கின்ற கேள்வியையே எழவொட்டாமல் செய்து, கோபமும் அறிவும் இல்லாத தண்ணீரின் தலையில் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதுதான் அந்த வேலை.

தோழர்களே! கடலுக்குக் கோபம் வராது. பூசை போட்டால் சமாதானமும் வராது. அதற்குச் சூடுதான் வரும். சூடேறினால் தண்ணீர் என்ன செய்யுமோ அதைத்தான் கடலும் செய்யும். ஆகவே நாம் விசாரிக்க வேண்டியது அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்பதேயாகும்.

அது வந்த வழியில் இரகசியம் ஒன்றுமில்லை. நிலக்கரியையும், மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலிய பூமி எண்ணெய்களையும் எரித்தால் கரியமிலவாயு உண்டாகின்றது. அந்த வாயு சூரிய வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு, பூமியிலிருந்து திரும்பிப் போகின்ற உஷ்ணத்தில் ஒரு பகுதியைப் போகவிடாமல் தடுத்துக் கொள்ளுகின்றது. நீராவி யந்திரமும் மில்களும் ஏற்படுவதற்கு முன் காற்றில் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்காயிருந்த கரியமிலவாயு, இப்பொழுது 420 பங்குக்கு மேல் போய்விட்டது.

இதை யாரோ நேற்றுக் கிளப்பிவிட்ட புரளி என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். 1856-லேயே அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்கின்ற அம்மையார் கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, கரியமிலவாயு அடைத்த குழாய்தான் அதிகமாய்ச் சூடேறுகின்றது என்று எழுதினார். அந்தக் கட்டுரையை விஞ்ஞானிகள் சபையில் வாசித்தவர் அந்த அம்மையாரல்ல. ஜோசப் ஹென்றி என்கின்ற ஓர் ஆண்மகன். மூன்று வருஷம் கழித்து இதே ஆராய்ச்சியில் இறங்கிய ஜான் டிண்டால் என்பவர் பெயரே நூறு வருஷத்துக்கு மேல் புத்தகங்களில் இருந்து வந்தது. (1848-இல் பெண்களுக்குச் சம உரிமை கேட்டு செனகா ஃபால்ஸ் என்ற ஊரில் கையெழுத்துப் போட்டவர்களில் ஃபூட் அம்மையாரும் ஒருவர் என்பதையும் வாசகர்கள் தெரிந்து வைத்துக் கொள்ளலாம்.) 1896-இல் ஸ்வீடன் தேசத்து அரீனியஸ் கணக்குப் போட்டே காட்டினார். 1938-இல் கல்லண்டர் என்ற இங்கிலீஷ் என்ஜினியர், பல ஊர்களின் உஷ்ணக் குறிப்புகளைத் திரட்டி, பூமி சூடாகிக் கொண்டுதான் வருகின்றது என்றார். பெரிய பண்டிதர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மனிதன் கக்குகின்ற வாயுவையெல்லாம் கடல் விழுங்கிவிடும், கவலை வேண்டாம் என்பது அக்காலத்தில் பலருடைய எண்ணமாயிருந்தது. கடல் அவ்வளவு வேகமாய் விழுங்காது என்பதை 1957-இல் ரோஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் என்ற இருவர் எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் கடல் விழுங்கியதும் கொஞ்சநஞ்சமல்ல. நாம் எரித்து வெளியே விடும் கரியமிலவாயுவில் சுமார் நாலில் ஒரு பங்கைக் கடல் எடுத்துக் கொள்ளுகின்றது. அந்த வாயுவினால் பூமியில் தங்கிப்போன அதிகப்படி உஷ்ணத்திலோ, 100-க்கு 90 பங்குக்கு மேல் கடலுக்குள்ளேயே போயிருக்கின்றது. கடலின் மேல்மட்டத்தில் ஒரு பத்தடி ஆழத்துத் தண்ணீர், உலகத்துக் காற்று முழுவதும் தாங்கக்கூடிய அளவு உஷ்ணத்தைத் தாங்க வல்லது. ஆகவே, இந்தக் கோடையில் நாம் பொறுக்க முடியாமல் விசிறிக் கொண்டிருக்கின்ற சூடு, கடல் தின்றது போக மிஞ்சிய எச்சில் மாத்திரமே. கடல் இல்லாதிருந்தால், சூடு பொய் என்று மேடையேறிப் பேசுவதற்கு ஒருவரும் துணிந்திருக்க மாட்டார்கள். இத்தனை காலமும் அது நமது காரியத்தை மூடி மறைத்து வந்ததுதான் அதன் மீது போடக்கூடிய ஒரே குற்றமாகும்.

விழுங்கியது என்ன செய்கின்றது என்று பார்ப்போம்.

முதலாவது, சூடேறிய தண்ணீர் விரியும். அதோடு துருவத்துப் பனியும் மலைப்பனியும் உருகி வந்து சேரும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சிறிது குறைவாக, உயர்ந்திருக்கின்றது. ஒரு சாண்தானே என்று அலட்சியமாய்ச் சொல்லலாம். ஆனால் அதன் வேகம் இருந்தபடியே இருக்கவில்லை. போன நூற்றாண்டின் பெரும்பகுதியில் வருஷத்துக்கு 1.3 மில்லிமீட்டர் வீதம் ஏறிவந்தது, 2006-க்குப் பிறகு வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டராகிவிட்டது. தாழ்ந்த கரைகளில், புயல் வந்து அலை எழும்பும்போது அந்த ஒரு சாணும் அலையின் மேல் ஏறிக்கொண்டுதான் வரும். கிணற்றில் உப்பு ஏறுவதற்கோ ஒரு சாண் கூட வேண்டியதில்லை.

இரண்டாவது, கரியமிலவாயுவைத் தண்ணீரில் கரைத்தால் என்னவாகும் என்பது சோடாக் கடைக்காரருக்கு நன்றாய்த் தெரியும். புளிக்கும். கடலின் புளிப்பை அளக்கின்ற கணக்கில் 8.2 ஆக இருந்தது இப்போது 8.1-க்கு வந்திருக்கின்றது. அந்தக் கணக்கில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு பேதமுள்ளதானபடியால், இந்தச் சின்ன இறக்கமே புளிப்பில் சுமார் 100-க்கு 30 பங்கு அதிகம் என்றாகும். கடல் காடியாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. அது காரத்தன்மை உடையதாகவே இருக்கின்றது. ஆனால் சுண்ணாம்பினால் ஓடு கட்டிக்கொண்டு பிழைக்கின்ற சிப்பிக்கும், சங்குக்கும், பவளப்பூச்சிக்கும் ஓடு கட்டும் சரக்கு அரிதாகிக்கொண்டு வருகின்றது. பவளப்பூச்சிக்கோ இரட்டைத் தொல்லை. தண்ணீர் சில வாரங்கள் வழக்கத்துக்கு மேல் ஒரு டிகிரி சூடாயிருந்தாலே, தனக்குச் சோறு போடுகின்ற பாசியைத் தன் உடம்பிலிருந்து வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகின்றது. சூடு நீடித்தால் செத்துப் போகின்றது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய வருஷங்களில் வெளுத்தது. நம்முடைய மன்னார் வளைகுடாவிலும் 2010-இலும் 2016-இலும் வெளுத்தது. பவளத்திட்டு என்பது பார்த்து மகிழ்வதற்கான அலங்காரமல்ல, மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில், கரைக்குப் போட்ட கல்லணை.

மூன்றாவது, சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே தங்கும். மேலே சூடான தண்ணீரும் கீழே குளிர்ந்த தண்ணீரும் கலக்காமல் ஏடு ஏடாய் நின்றுவிட்டால், கீழே உள்ள உயிர்களுக்கு மூச்சுப் போகாது. மேலே உள்ள பாசிகளுக்குக் கீழிருந்து வருகிற உரம் கிடைக்காது. மரங்களே நமக்குப் பிராணவாயு தருகின்றன என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். உலகத்தில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறையப் பாதியைக் கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகள் உண்டாக்குகின்றன என்பதை எத்தனை உபாத்தியாயர்கள் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இதற்கு மேல் ஒரு வட்டிக்கணக்கும் உண்டு. சூடான சோடாவில் வாயு நிற்காது. மூடியைத் திறந்ததும் ஓடிவிடும். அதுபோலக் கடல் சூடேறச் சூடேற, அது விழுங்கும் சக்தி குறைந்து, கரியமிலவாயு காற்றிலேயே அதிகமாய்த் தங்கும். அதனால் சூடு இன்னும் ஏறும். வடதுருவத்தில் வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிக் கொண்டிருந்தது. அது உருகினால் அவ்விடத்துக் கருநிறக் கடல் அதே வெயிலைக் குடித்துவிடும். அதனால் இன்னும் பனி உருகும். வட்டி முதலோடு சேர்ந்து, அந்த முதலுக்கு மறுபடி வட்டி ஏறுவதைக் குடியானவருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

நிற்க, "பூமி முன்னும் சூடாயிருக்கிறதே, குளிர்ந்திருக்கிறதே, இதுவும் சூரியனுடைய வேலையாயிருக்கலாமே" என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்பது நியாயம், பதிலையும் கேட்க வேண்டும். 1978 முதல் செயற்கைக் கோள்களைக் கொண்டு சூரிய வெளிச்சத்தை அளந்து வருகின்றார்கள். அது பதினோரு வருஷத்துக்கொரு முறை சிறிது ஏறி இறங்குகின்றதே தவிர, மொத்தத்தில் ஏறவில்லை. மேலும், சூரியனால் வந்த சூடானால் ஆகாயத்தின் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் சேர்ந்தே சூடேற வேண்டும். கீழ் அடுக்கு சூடேறி மேல் அடுக்கு குளிர்ந்து வருகின்றது. கம்பளி போர்த்தியவனுக்குத்தான் உள்ளே வேர்த்து வெளியே குளிர்ந்திருக்கும்.

இந்தக் கேள்வியைத் தெரியாமல் கேட்டவர்களை மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே சந்தேகத்தை வளர்த்தவர்களை என்ன சொல்லுவது? அமெரிக்காவின் பெரிய எண்ணெய் வியாபாரிகளான எக்ஸான் கம்பெனியாருக்கு, அவர்களிடம் சம்பளம் வாங்கிய விஞ்ஞானியே 1977-இல் இந்த ஆபத்தை நேரில் எடுத்துச் சொன்னார். 1979-இல் அந்தக் கம்பெனியார் "எஸ்ஸோ அட்லாண்டிக்" என்ற தங்கள் எண்ணெய்க் கப்பலிலேயே கருவிகள் வைத்து, கடலும் காற்றும் எவ்வளவு கரியமிலவாயுவைத் தாங்குகின்றன என்று அளக்க ஆரம்பித்தார்கள். கடல் எவ்வளவு தாங்கும் என்று அறிய ஆசைப்பட்ட அதே கம்பெனியார், பின்னால் விஞ்ஞானிகள் இன்னும் முடிவு சொல்லவில்லை என்று பத்திரிகைகளில் பணம் கொடுத்து விளம்பரம் செய்தார்கள். சுவாமி மலையேறிவிட்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு உண்டியலை எண்ணுகிற பூசாரிக்கும் இவர்களுக்கும் என்ன பேதம்?

பாவம் ஒரு பக்கம், பலன் ஒரு பக்கம் என்பதும் இதில் அப்படியே இருக்கின்றது. இதுவரை கரியும் எண்ணெயும் எரித்து உண்டான கரியமிலவாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அமெரிக்க நாடு ஒன்றினுடையது. உலக ஜனங்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் உள்ள இந்தியாவினுடையது 100-க்குச் சுமார் 3 அல்லது 4 பங்குதான். இதைச் சொல்லி நாம் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. வருஷக் கணக்கில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தபடி இப்பொழுது நாம்தான் நிற்கிறோம். அந்தப் பங்கும் குளிர்சாதன மாளிகைக்காரன் எரித்ததா, குப்பத்துக் குடிசைக்காரன் எரித்ததா என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியும்.

பசிபிக் சமுத்திரத்தில் துவாலு என்று ஒரு நாடு இருக்கின்றது. ஜனத்தொகை சுமார் பதினாயிரம். அதில் மிக உயர்ந்த மேடே ஐந்து மீட்டருக்குள்தான். உலகச் சூட்டில் அவர்கள் பங்கு கணக்கில் ஏறாத பங்கு. அவர்களும் ஆன்டிகுவா-பார்புடா என்ற மற்றொரு தீவு நாட்டாரும் முன்னின்று ஏற்படுத்திய சங்கம், ஹாம்பர்க்கிலுள்ள சர்வதேசக் கடல் நியாயஸ்தலத்தை அபிப்பிராயம் கேட்டது. 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்த நியாயஸ்தலம், இந்த வாயுக்களை வெளியே விடுவதும் கடலை மாசுபடுத்துவதேயாகும், அதைத் தடுக்க வேண்டியது அரசாங்கங்களின் கடமை என்று சொல்லிற்று. அபிப்பிராயந்தானே, யாரையும் கட்டாது என்று சொல்லலாம். ஆனால் கடலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, உரியவர்களை ஏற்றியதை நாம் அற்பமாய் நினைக்கவில்லை. இதற்கிடையில் ஆஸ்திரேலியா துவாலு நாட்டாரில் வருஷத்துக்கு 280 பேரைக் குடியேற்றிக் கொள்ள ஒப்புக்கொண்டு, 2025-இல் முதல் சீட்டுக் குலுக்கலுக்குப் பேர் கேட்டபோது, அந்நாட்டு ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் பேர் கொடுத்திருக்கிறார்கள்.

நம்முடைய கரைக்கு வருவோம். இந்து மகாசமுத்திரத்தின் உஷ்ணமண்டலப் பகுதி 1951-லிருந்து 2015-க்குள் சராசரி 1 டிகிரி சூடேறியிருக்கின்றது. உலகக் கடல்களின் சராசரியை விட இது அதிகம். புயல் என்பது கடற்சூட்டைத் தின்று வளர்வது. தண்ணீர் சுமார் 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் அது பிழைக்கும். காற்று ஒரு டிகிரி சூடேறினால், 100-க்கு 7 பங்கு அதிக நீராவியைச் சுமக்கும். சுமந்ததைக் கொட்டவும் கொட்டும். புயல் முன்னும் இருந்தது; 1964-இல் தனுஷ்கோடி அழிந்தது. ஆகவே இன்ன புயல் இந்தச் சூட்டினால் மாத்திரமே வந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் தீனி அதிகமாகிவிட்ட இடத்தில் பிராணி கொழுக்காது என்று யாரும் வாதாட முடியாது. அது மெதுவாய்க் கொழுப்பதுமில்லை. ஒரு நாளைக்குள் கொழுத்துவிடுகின்றது.

2017-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் வந்த ஒக்கி புயல் அப்படித்தான் வந்தது. நவம்பர் 29-இல் காற்றழுத்தத் தாழ்வாயிருந்தது, மறுநாள் புயலாகிவிட்டது. கன்னியாகுமரி ஜில்லாவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பல நாள் தங்கி மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு செயற்கைக் கோள் வழியே செய்தி அறியும் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அது விசைப்படகோடு நின்றுவிடாமல் வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் இனாமாய்ப் போய்ச் சேர வேண்டும். எச்சரிக்கை வந்த நாட்களில் கடலுக்குப் போகாமல் கரையில் இருப்பவனுக்கு அன்றைய கூலி கிடைக்க வேண்டும். வயிற்றை வைத்துக்கொண்டு எச்சரிக்கையைக் கேட்க எவனாலும் முடியாது. மணல்மேட்டையும் அலையாத்திக் காட்டையும் கம்பெனிக்காரர்களுக்கு விற்றுவிட்டு, அலை வந்த பிறகு அரிசி மூட்டையோடு வருவதை நிறுத்த வேண்டும். இம்மூன்றுக்கும் எவ்வளவு பணம், எந்த வருஷத்துக்குள் என்று சர்க்கார் சட்டசபையில் சொல்லட்டும்.